ஆள் முழுசு, ஆடை பாதி

ஆள் பாதி, ஆடை பாதி என்று முதலில் சொன்னவர் என்னைப் பார்த்ததில்லை. என் விஷயத்தில் ஆள் எப்போதும் முழுசு; ஆடைதான் பாதி. கை முழங்கைக்கு மேலேயே நின்றுவிடும். இடுப்பு வயிற்றுக்கு ஏறிவிடும். முதுகுக் கொக்கிகள் கோபித்துக்கொண்ட சம்பந்திகள் மாதிரி ஒன்றையொன்று தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். இன்றைக்குக் கடைக்குள் போனால் பெரிய அளவு, அதைவிடப் பெரிய அளவு, அதற்கும் மேலே ஒன்று என்று அடுக்கிவைத்திருக்கிறார்கள். அவற்றைக் காணும்போதெல்லாம், இவ்வளவு காலமும் எங்கேயடா இருந்தீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

குற்றம் முழுவதும் தோளில். குருநகரில் தலைமுறை தலைமுறையாக வலை இழுத்தவர்கள் எங்கள் ஆட்கள். அந்த இழுவையெல்லாம் சேர்ந்து அப்பாவின் தோளில் வந்து நின்றது. அப்பா அதை அண்ணனுக்குக் கொடுத்திருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஆனால் அண்ணனுக்கு வாய்த்தது அம்மாவின் ஒடுங்கின தோள். எனக்கு வாய்த்தது அப்பாவின் தோள். (ஆண்டவர் பார்சலை மாத்திக் குடுத்திட்டார் எண்டு ஊருக்குள்ளை ஒரு கதை.) பன்னிரண்டு வயதுவரை நான் ஈர்க்குச்சி. பிறகு ஒரு மாரிகாலம் தொடங்கி முடிவதற்குள் உயரமும் அகலமும் போட்டி போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன.

நான் வளர்ந்த காலமும் வளர்வதற்கு ஏற்ற காலமில்லை. போர்த்தடை போட்டு, யாழ்ப்பாணத்துக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று வேறு யாரோ தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். குளிக்கச் சவர்க்காரம் வந்தால் மண்ணெண்ணெய் வராது. இரண்டும் வந்தால் துணி வராது. துணிக்கடையில் ‘எவ்வளவு வேணும்’ என்று கேட்கும் வழக்கமே ஒழிந்து, ‘இவ்வளவுதான் இருக்கு’ என்று காட்டும் வழக்கம் வந்திருந்தது. சண்டைக்குத் தப்பிக் குருநகர் வீட்டை விட்டு நாங்கள் அரியாலையில் குடியிருந்தோம். அந்தக் குறுகிய ஒழுங்கையில் ஒரு தையல்கார அக்கா இருந்தார். அவரிடம் இருந்தது ஒரேயொரு வெட்டு. ஊரில் உள்ள பெண்களையெல்லாம் ஒரே தாய் பெற்றதாக நம்பி, எல்லோருக்கும் அதையே வெட்டுவார். என்னை அளக்கும்போது நாடாவை ஒருதரம் பார்ப்பார், என்னை ஒருதரம் பார்ப்பார், பிறகு நாடாதான் பொய் சொல்கிறது என்று முடிவுசெய்துவிடுவார்.

அவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பூசைக்குப் போகலாம். சிலுவை அடையாளம் போடும் அளவுக்குக் கை அசையும். அதற்கு மேலே தூக்கினால் கர்த்தர்தான் காப்பாற்ற வேண்டும். சீலை சுற்றினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். சீலை கட்டினாலும் மேலுக்கு ஒரு சட்டை வேண்டும், அதுவும் அதே அக்காவின் கையால்தான் வரவேண்டும். ஆகவே வீட்டில் நான் போட்டுத் திரிந்தது அப்பாவின் பழைய சேட்டுகளை. கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கக்கூடிய, எனக்கென்றே தைத்த ஒரு சட்டை வேண்டும் என்று அந்த வயதில் நான் அந்தோனியாரிடம் மன்றாடியிருக்கிறேன். (காணாமல் போனதைக் கண்டுபிடிச்சுத் தாறதுதான் அவருக்கு வேலை. இல்லாததைத் தா எண்டு கேட்டது என்ரை பிழைதான்.)

இந்தக் கஷ்டத்துக்கு நடுவில் வருடம் தவறாமல் எனக்கு ஒரு புதுச் சட்டை வந்துகொண்டிருந்தது என்றால் நம்பமாட்டீர்கள். நோர்வேயிலிருந்து வந்தது. அனுப்பியது என் அண்ணன்.

அண்ணனின் பெயர் அன்ரன். அவருக்குக் கடல் ஒத்துவராது. வள்ளத்தில் கால் வைத்தாலே சத்தி எடுப்பார். மீனிலிருந்து எப்படியாவது தப்பிவிட வேண்டும் என்று கஷ்டப்பட்டு நோர்வேக்குப் படிக்கப் போனார். படித்து முடித்ததும் அந்த நாட்டின் வடக்கு மூலையில் கிடைத்த வேலை, மீன் வெட்டுகிற தொழிற்சாலையில். (விதியை வெண்டாலும் குருநகரை வெல்லேலாது எண்டு அப்பா சொல்லுவார்.) அவர் புறப்பட்டபோது எனக்கு ஒன்பது வயது. என்னைத் தன்னோடு ஒட்டி நிறுத்திப் பார்த்தார். என் உச்சந்தலை அவருடைய சேட்டுப் பொக்கற்றுக்கு வந்தது.

“நான் திரும்பி வாறதுக்கிடையிலை நாடிக்கு வந்திடாதை” என்று தன் முகவாயைத் தொட்டுக் காட்டினார்.

நான் ஓம் என்று தலையாட்டினேன். அந்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அதற்குள் அவரும் திரும்பி வரவில்லை.

நோர்வேக் கடைகளில் அண்ணன் எனக்குச் சட்டை எடுத்த முறையை அவரே ஒருமுறை எழுதியிருந்தார். சட்டையை அது தொங்குகிற கொழுவியோடு எடுத்து, தன் பொக்கற்றுக்கு நேரே பிடித்து, வருடத்துக்கு நாலு விரல் கூட்டுவாராம். விற்கிற பெண் விசித்திரமாகப் பார்ப்பாளாம். அந்தக் கணக்கில் தோள் என்ற சாமான் கிடையாது. நான் மேலே மட்டும், அதுவும் மரியாதையாக நாலு நாலு விரலாக வளர்ந்துகொண்டிருந்தேன். போதாததற்கு, கிறிஸ்து பிறந்த நத்தாருக்கென்று அனுப்பிய பார்சல் கொழும்பில் ஒரு வீடு, வவுனியாவில் ஒரு வீடு என்று கைமாறி, கிளாலியில் வள்ளம் ஏறி, எங்களிடம் வந்துசேர ஆனியில் அந்தோனியார் திருநாளே வந்துவிடும். அதற்குள் நான் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருப்பேன்.

பார்சலைப் பிரித்ததும் முதலில் சட்டையை முகத்தில் வைத்து மணப்பேன். அண்ணனின் மணம் எதுவும் அதில் இருக்காது, கடை மணம்தான். ஆனாலும் மணப்பேன். பிறகு போட்டுப் பார்ப்பேன். தலை போகும். தலைக்குக் கீழே எதுவும் போகாது.

“அளவை எழுதி அனுப்புவமே அம்மா” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்ன அளவை?”

“தோள், நெஞ்சு, இடுப்பு...”

அம்மா அடுப்பை விட்டு, குசினிக்குள்ளிருந்து வெளியே வந்து, ஒழுங்கையில் யாராவது போகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“குமர்ப்பிள்ளையின்ரை இடுப்பளவைக் கடிதத்திலை எழுதுறதோ? எத்தினை கை மாறிப் போகுது கடிதம். கிளாலியிலை ஒருத்தன் வாசிப்பான். வவுனியாவிலை ஒருத்தன் வாசிப்பான். கொழும்பிலை லொட்ஜிலை கிடக்கிற முழுப்பேரும் வாசிப்பாங்கள். பேந்து அங்கை அவனோடை ஒரே வீட்டிலை இருக்கிற பெடியள்.”

(இதிலை அம்மா சொன்னது முழுக்க உண்மை. எங்கடை வீட்டாலை போற மற்ற ஆக்களின்ரை கடிதங்களை அம்மாவும் வாசிக்கிறவ.)

“அப்ப, பத்தேல்லை எண்டு மட்டுமாவது எழுதுவம்.”

அம்மா ஒழுங்கையை இன்னொருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு சொன்னார்: “கொண்ணை பனிக்குள்ளை நிண்டு மீன் வெட்டுறான். கடைக்குப் போய் உனக்கெண்டு ஒரு சட்டை எடுக்கிற அண்டைக்குத்தான் அவன் வீட்டை வந்திட்டுப் போறான். அதைக் கெடுத்துப்போடாதை.”

அம்மாவிடம் வேறு வைத்தியம் இருந்தது. சட்டையின் முதுகைக் கழுத்திலிருந்து கீழ்விளிம்புவரை ஒரே வெட்டாக வெட்டுவார். இரண்டு பக்கத்திலும் துளை போட்டு, நாடாவைக் குறுக்கும் மறுக்குமாகக் கோத்துக் கட்டுவார். முன்னாலிருந்து பார்த்தால் கச்சிதம். பின்னாலிருந்து பார்த்தால் பிரசவ வலியில் இருக்கிற சாக்கு மூட்டை. அந்தக் கோலத்தில் என்னை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிப்போய், இடுப்புக்கு மேலே, முன்பக்கம் மட்டும் ஒரு படம் எடுத்து நோர்வேக்கு அனுப்புவார். பதில் வரும்: ‘சட்டை நல்ல அளவாய் இருக்கு. சின்னவள் கொஞ்சம் கொழுத்திட்டாள் போலை.’ அடுத்த சட்டை இன்னும் நாலு விரல் கூடி வரும்.

எனக்குக் கோபம் சட்டை மீது இல்லை. அண்ணன் மீதும் இல்லை. நோர்வேயில் அவருடைய ஞாபகத்தில் இருந்த அந்தச் சின்னப் பிள்ளை மீதுதான் பொறாமை. கடைகடையாக ஏறி அவர் சட்டை எடுத்தது அவளுக்கு. நான் அவளுடைய பார்சலை வாங்கி வைக்கிற ஆள். என்னை, பத்தொன்பது வயதில் அப்பாவின் சேட்டைப் போட்டுக்கொண்டு திரிகிற என்னை, என் அண்ணனுக்குத் தெரியாது. ஒரே ஒருமுறை அவர் என்னைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது.

பார்த்தார். எப்படிப் பார்த்தார் என்பதுதான் கதை.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டின் தொடக்கத்தில் சில மாதங்கள் சமாதானப் பேச்சு நடந்தது. வெளிநாட்டிலிருந்து ஒன்றிரண்டு பேர் துணிந்து ஊருக்கு வந்துபோனார்கள். அப்படி வந்தவர்தான் மனுவல் அண்ணை. குருநகர்ப் பெடியன், நோர்வேயில் என் அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர். அவருக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்துவிட்டது; என் அண்ணனுக்கு இன்னும் இல்லை. அண்ணனுக்குப் பதிலாக வந்தவர்போல வந்து இறங்கினார். ஒரு துவாயில் சுற்றி, கைக்குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி அவர் கொண்டுவந்தது ஒரு வீடியோ கமரா.

“அம்மா, நாளைக்குப் பின்னேரம் வந்து உங்கள் எல்லாரையும் எடுக்கிறன்” என்றார். “ஆனால் ஒரு பற்றரிதான் கிடக்கு. இஞ்சை கறன்ற் இல்லை, திருப்பிச் சார்ச் பண்ணேலாது. என்ரை அம்மாவை எடுத்ததிலை பாதி போயிட்டுது. நான் வரேக்கை வெளிக்கிட்டு ஆயத்தமாய் நில்லுங்கோ.”

பிறகு ஒரு பார்சலை நீட்டினார்.

“இது தங்கச்சிக்கு. மற்றதெல்லாம் நீ விரும்பினபடி எடு, என்ரை தங்கச்சி இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடக்கிறதைக் கட்டாயம் எடுத்துக்கொண்டு வா எண்டு அன்ரன் சொல்லிவிட்டவன்.”

நடக்கிறதை! அம்மாவின் முகம் கறுத்துப்போனது. படம் நிற்கும், வீடியோ நடக்கும். இவ்வளவு காலம் ஸ்ரூடியோவில் செய்த வைத்தியத்துக்கு இப்படியொரு நோய் வரும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

பார்சலைப் பிரித்தோம். கருநீலச் சட்டை, வெள்ளைக் கொலர். நெஞ்சில் பெரிதாக ஒரு கரடிக்குட்டி. கரடிக்குட்டியின் கழுத்தில் சிவப்புப் பூ நாடா. பன்னிரண்டு வயதுப் பிள்ளை போட்டால் ஊர்க் கண்ணூறு படும். எனக்கு அடுத்த மாதம் இருபது.

மறுநாள் காலையே அம்மா கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். வழக்கமான முதுகு வெட்டுப் போதவில்லை. இரண்டு பக்கத் தையலையும் அக்குள்வரை பிரிக்கவேண்டியிருந்தது. நாடாவும் போதாமல், அப்பா வலைக்கு வைத்திருந்த நூலில் கொஞ்சம் அறுத்துக் கோத்தார். முதுகு திறந்து கிடப்பதால் உள்ளே போட ஒன்று வேண்டும். கொடியில் காய்ந்த அப்பாவின் பெனியனை எடுத்துத் தந்தார். இதெல்லாம் முடிந்தபிறகு புத்திமதி.

“முன்னுக்குப் பாத்து நில். முன்னுக்குப் பாத்து நட. திரும்பாதை. ஆர் கூப்பிட்டாலும் திரும்பாதை.”

திரும்பிப் பார்த்து உப்புத்தூணாய்ப் போன லோத்தின் மனைவிக்குக்கூட இவ்வளவு சொல்லியிருக்க மாட்டார்கள்.

“அவன் ஏதாவது கதைக்கச் சொன்னால், ‘அண்ணை, சட்டை நல்ல அளவு, நல்ல வடிவு’ எண்டு சொல்லு. வேறையொண்டும் சொல்லாதை.”

பின்னேரம் மனுவல் அண்ணை வந்தார். முதலில் முற்றத்தில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த அப்பாவை எடுத்தார். மகனுக்கு ஏதாவது சொல்லச் சொன்னார். அப்பா கமராவை நிமிர்ந்து பார்த்து, “என்ன, சுகமோ? நாங்கள் சுகம்” என்றார். பத்து வருடத்துக்கு அவ்வளவுதான். திரும்பவும் வலைக்குள் குனிந்துவிட்டார். அம்மா குசினி வாசலில் நின்று, அண்ணன் சாப்பிடுகிறாரா என்று கமராவிடம் கேட்டுவிட்டு, பதில் வரும் என்று கொஞ்ச நேரம் காத்து நின்றார். பிறகு என் முறை.

நான் சுவரோடு பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றேன்.

“என்ன தங்கச்சி, சுவரை விட்டு வாறியள் இல்லை. வெக்கமோ?”

“ஓம் மோனை, சரியான வெக்கம் அவளுக்கு” என்று அம்மா முந்திக்கொண்டார்.

“நடக்கவேணும் எல்லே. கிணத்தடிவரைக்கும் போட்டு வாங்கோ.”

கிணற்றடி எனக்கு வலப்பக்கம் இருந்தது. ஆகவே நான் நண்டு மாதிரி நடந்தேன். முகம் கமராவுக்கு, கால் கிணற்றுக்கு. மனுவல் அண்ணைக்கு அந்தக் கோணம் பிடிக்கவில்லை. நல்ல வெளிச்சம் தேடி என்னைச் சுற்றி வரத் தொடங்கினார். அவர் சுற்றச் சுற்ற நானும் நின்ற இடத்தில் சுற்றினேன். முற்றத்து நடுவில் வந்தபோது எனக்குப் பின்னால் சுவர் இல்லை. பக்கத்து வீட்டு வேலிதான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் மணியக்கா நின்றார்.

“எடி பிள்ளை, முதுகிலை என்ன, வள்ளம் கட்டின மாதிரிக் கிடக்கு?”

அம்மா அந்த நேரத்தில் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மூச்சு முட்டும். குசினிக்குள் ஓடி, கையில் அகப்பட்ட சுளகை அரிசியோடு தூக்கிக்கொண்டு வந்து, என் முதுகுக்குப் பின்னால் நின்று புடைக்கத் தொடங்கினார். நான் நடந்தால் அவரும் நடந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். நடந்துகொண்டு அரிசி புடைக்கிற பெண் உலகத்தில் வேறு யாரும் இருக்கமாட்டார். உமி பறந்து என் தலையில் கொட்டியது. மனுவல் அண்ணை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணைக் கமராவுக்குள் விட்டிருந்தார். இதெல்லாம் எங்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்தாரோ என்னவோ.

“பற்றரி முடியப்போகுது தங்கச்சி. அண்ணைக்குக் கையைக் காட்டி ஏதாவது கதையுங்கோ.”

நான் கமராவைப் பார்த்தேன். அதுவரை மனுவல் அண்ணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கமராவுக்குள்ளே பார்த்தேன். வட்டமான கறுப்புக் கண்ணாடி. அதற்குள் அண்ணன் இருக்கிறார் என்று திடீரென்று பட்டது. இன்னும் சில நாளில் ஏதோ ஒரு பனி ஊரில் இந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னைப் பார்ப்பார். அம்மா சொல்லித்தந்தது மறந்துபோனது. கையை உயர்த்தினேன். சிலுவை போடுகிற அளவுக்கு மட்டும் உயர்த்தவேண்டும் என்பதும் மறந்துபோனது. தூரத்தில் நிற்கிறவரைக் கூப்பிடுகிறபோது தூக்குவோமே, அப்படித் தூக்கிவிட்டேன்.

சட்டை ‘டர்ர்’ என்றது. தோள் தையல் விட்டு, கை தனியாகக் கழன்று முழங்கைக்கு வந்தது. வலை நூல் அறுந்தது. கரடிக்குட்டி நெஞ்சைவிட்டு இடுப்பை நோக்கி இறங்கத் தொடங்கியது. அம்மா சுளகை என் முதுகில் கவிழ்த்தார். ஒரு நேரத்துச் சோற்றுக்கான அரிசி முற்றம் முழுவதும் சிதறியது. மணியக்கா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பா வலையிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“உது என்ரை பெனியன் எல்லே?”

“நிப்பாட்டு மோனை, நிப்பாட்டு” என்று அம்மா கத்தினார்.

மனுவல் அண்ணை நிற்பாட்டவில்லை. நானும் ஓடவில்லை. ஓடுவதென்றால் திரும்பவேண்டும். அந்த வெட்கத்துக்குள்ளேயும் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது: இந்த மனிதர் இப்போது போனால் அண்ணனைப் போலவே போய்விடுவார். கழன்ற கையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்துச் சொன்னேன்.

“அண்ணை, இது எனக்குப் பத்தேல்லை. நீங்கள் அனுப்பின ஒண்டும் பத்தினதில்லை. படத்திலை எல்லாம் பின்னாலை வெட்டிக் கட்டினது. நான் அப்பா அளவுக்கு வளந்திட்டன் அண்ணை. ஒருக்கால் வந்து பாருங்கோவன்.”

சொல்லிவிட்டு, அம்மாவின் சுளகைத் தள்ளிவிட்டு, திரும்பி நின்று முதுகைக் காட்டினேன். வெட்டு, துளை, நூல், பெனியன், தோள், எல்லாவற்றையும். எனக்குப் பின்னால் ‘கிர்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“பற்றரி முடிஞ்சுது” என்றார் மனுவல் அண்ணை.

அம்மா அவருடைய கையைப் பிடித்துக் கெஞ்சினார். கடைசித் துண்டை மட்டும் அழித்துவிடச் சொன்னார். கறன்ற் இல்லாமல் அழிக்கவும் முடியாதாம். கொழும்புக்குப் போனதும் முதல் வேலையாக அழிக்கிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அம்மா தாளில் சுற்றி ஒரு சரை இறால் கருவாடு கொடுத்து அந்த வாக்கை உறுதிப்படுத்தினார். அந்த வருடத்தில் கொடுக்கப்பட்ட மற்ற வாக்குறுதிகளுக்கு நடந்ததுதான் இதற்கும் நடந்தது.

அவர் போனபிறகு அம்மா முற்றத்தில் குந்தியிருந்து அரிசி பொறுக்கினார். நானும் பக்கத்தில் இருந்து பொறுக்கினேன். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அங்கை அவனுக்கு ஆரிருக்கினம்?” என்றார் கடைசியில். “இஞ்சை ஒரு சின்னப்பிள்ளை இருக்கு, அதுக்குச் சட்டை எடுக்கவேணும் எண்டுதானே இருந்தவன். இனி அதுவும் இல்லை.”

“தோள் என்ரை. அவளைப் பேசாதை” என்று அப்பா அங்கிருந்தே சொன்னார்.

எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்காகவும் அழுதேன், அந்தச் சின்னப்பிள்ளைக்காகவும் அழுதேன். ஆனால் சொன்னதைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு பேச்சும் முறிந்தது, பாதையும் பூட்டியது. கடிதம் இல்லை. அந்த வருடக் கடைசியில் ஊரே பெயர்ந்தபோது நாங்களும் பெயர்ந்து தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் இருந்தோம். நத்தார் வந்தது. அண்ணன் போன காலம்தொட்டு முதல்முறையாக, பார்சல் அனுப்பியாயிற்று என்ற சொல்கூட வரவில்லை. போருக்குள் எந்தப் பார்சல் வரும் என்று புத்திக்குத் தெரிந்தது. மனதுக்குத் தெரியவில்லை. அண்ணன் வீடியோவைப் பார்த்துவிட்டார், இனி எனக்கு எதுவும் அனுப்பமாட்டார் என்று அது அடித்துச் சொன்னது. கரடிக்குட்டி போட்டதோ, கோழிக்குஞ்சு போட்டதோ, ஒரு கைகூட நுழையாத சட்டையாவது ஒன்று வந்தால் போதும் என்று அன்றைக்கு ஏங்கிப்போனேன். அளவான சட்டைக்காகக்கூட நான் அப்படி ஏங்கியதில்லை.

அதற்கும் பிறகு ஒருவழியாக வவுனியாவுக்கு வந்துசேர்ந்தோம். வந்த கையோடு அம்மா என்னை இழுத்துக்கொண்டு போன இடம், வெளிநாட்டுக்குத் தொலைபேசி எடுத்துத் தருகிற ஒரு கடை. கடைக்குள் சனம் முட்டி வழிந்தது. எல்லோரும் எங்களைப்போல வந்தவர்கள், எல்லோருக்கும் ஒரு நாட்டில் ஒருவர் இருந்தார். எங்கள் முறை வந்தபோது அம்மா என்னை முன்னுக்குத் தள்ளிவிட, றிசீவரை நான் வாங்கினேன்.

“ஜெசியோ?” என்றது ஒரு குரல். அண்ணன் போன வயதில் அவருக்கு அந்தக் குரல் இல்லை.

“ஓம் அண்ணை.”

அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நான் அழுவது அவருக்குக் கேட்டிருக்கும்.

“உன்ரை அளவு என்ன?” என்றார்.

நான் றிசீவரைப் பொத்திக்கொண்டேன்.

“என்னவாம்?” என்றார் அம்மா.

“அளவு கேக்கிறார்.”

சுற்றிவர நின்ற சனத்தைப் பார்த்தேன். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மெல்ல, “தோள் பதினெட்டு இஞ்சி” என்றேன். கேட்கவில்லை என்றார். இன்னும் கொஞ்சம் பலமாகச் சொன்னேன். அதுவும் கேட்கவில்லை. இடுப்பளவைக் கடிதத்தில் எழுதக்கூடாது என்று என்னை வளர்த்த அம்மா பக்கத்தில் நின்று சொன்னார்:

“சத்தமாய்ச் சொல்லு பிள்ளை. அவனுக்குக் கேக்கேல்லையாம்.”

நான் தயங்கினேன். அம்மா றிசீவரைப் பறித்தார். பத்து வருடத்துக்கு மேலாகக் குரல் கேட்காத மகனிடம், சுகமா என்றுகூடக் கேட்காமல், கடை முழுவதும் அதிரச் சொன்னார்: “தோள் பதினெட்டு. இடுப்பு முப்பத்தாறு. ஓம் மோனை, முப்பத்தாறு. வடிவாய்க் குறிச்சுக்கொள், அவள் கொப்பரைப்போலை.”

கடையில் நின்ற அத்தனை பேரும் என் இடுப்பைத் திரும்பிப் பார்த்தார்கள். பின்னால் நின்ற ஒரு கிழவர், அம்மா சொன்னது சரிதான் என்பதுபோலத் தலையை ஆட்டினார். அம்மா றிசீவரை வைத்துவிட்டு, சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எழுதிப்போட்டானாம்” என்றார்.

வீடியோ அழிக்கப்படவில்லை என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. மனுவல் அண்ணை கொழும்பில் அழிப்பதற்காகப் போட்டுப் பார்த்தாராம், மனம் வரவில்லையாம். நோர்வேயில் ஊர்க்காரர் எல்லோர் வீட்டிலும் ஓடி, பிரதி எடுக்கப்பட்டு, பிரான்சுக்கும் கனடாவுக்கும் போனது. எனக்குக் கல்யாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை வீட்டார் படம் கேட்கவில்லை. ஏற்கனவே பார்த்துவிட்டார்களாம். (ஊரிலை எல்லாரும் பொம்பிளையின்ரை முகத்தைப் பாத்துச் சம்மதிப்பினம், நான் மட்டும்தான் முதுகைப் பாத்துச் சம்மதிச்சனான் எண்டு என்ரை மனிசன் வாற போற ஆக்களுக்கெல்லாம் இண்டைக்கும் சொல்லுறார்.) ஊர்க்காரர் ஒன்றுகூடினால், நடந்து நடந்து அரிசி புடைத்த மனுசியின் குடும்பம் என்றுதான் எங்களை அறிமுகம் செய்கிறார்கள்.

அண்ணன் பிறகு இரண்டு தடவை ஊருக்கு வந்து போய்விட்டார். என்னை நேரில் பார்த்தார், முன்னாலும் பின்னாலும். ஆனாலும் ஒவ்வொரு வருடமும் நத்தாருக்கு முன்னம் தொலைபேசி எடுப்பார். இப்போது சத்தம் போடவேண்டியதில்லை, பக்கத்தில் இருப்பதுபோலக் கேட்கும். எடுத்ததும் அதே கேள்வி: “உன்ரை அளவு என்ன?”

நான் ஒரு வருடம் ஒரு இஞ்சியைக் கூட்டிச் சொல்வேன், மற்ற வருடம் இரண்டைக் குறைத்துச் சொல்வேன். வருகிற சட்டை ஒருநாளும் அளவாக இருந்ததில்லை. அலுமாரி நிறைய அப்படித் தொங்குகின்றன. ஒருக்காலாவது உள்ளதைச் சொல்லித் துலையுமன் என்று என் மனிதர் திட்டுவார். அவருக்கென்ன தெரியும்? சரியாகச் சொல்லிவிட்டால், அண்ணன் அடுத்த வருடம் கேட்கமாட்டார்.